தினம் மூன்று குறிப்பு: சிறுகதை எழுதுகிறவரின் சரக்கறை

எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை என்று சொல்பவர்களில் பெரும்பாலோருக்குக் கற்பனை குறைவில்லை, கையில் சரக்குதான் இல்லை. மளிகைக் கடைக்காரர் காலையில் ஷட்டரைத் தூக்கிய பிறகு துவரம்பருப்பு எங்கே வாங்கலாம் என்று யோசித்தால் வியாபாரம் நடக்குமா? சேர்க்கிற வேளை வேறு, விற்கிற வேளை வேறு. இரண்டையும் ஒரே நாற்காலியில் ஒரே அரை மணியில் செய்யப் பார்ப்பவர்தான் வெள்ளைத் தாளை முறைத்துக்கொண்டிருப்பார்.

வேலைக்கும் போய்க்கொண்டு, வீட்டையும் பார்த்துக்கொண்டு சிறுகதை எழுத நினைப்பவருக்கான முறை இது. குறிப்புக்குத் தினம் 10 நிமிடம், எழுத்துக்கு 30 நிமிடம், வாரத்தில் ஒரு நாள் முக்கால் மணி நேரம். இதற்கு மேல் கேட்கிற எந்த முறையும் ஐப்பசி மழைக்கும் ஆடித் தள்ளுபடிக்கும் நடுவே உயிர் பிழைக்காது.

நோட்டு

சட்டைப் பையிலோ கைப்பையிலோ அடங்குகிற சின்ன நோட்டு போதும். தடித்த அட்டை போட்ட அழகான டைரி வேண்டாம். அதில் கிறுக்க மனசு வராது; நல்ல வரியாக யோசித்து எழுதத் தோன்றும், அங்கேயே வேலை கெடும். நோட்டு இல்லாத நேரத்தில் வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளலாம். ஆனால் குரல் தட்டச்சை நம்பாதீர்கள். பேச்சுவழக்கில் நீங்கள் சொன்னதை அது தனக்குத் தெரிந்த வேறொரு சொல்லாக மாற்றி வைக்கும். சாயங்காலம் பார்த்தால் என்ன சொன்னோம் என்று உங்களுக்கே விளங்காது. போனில்தான் குறிப்பு என்றால் உங்கள் குரலைப் பதிவாக வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பெடுக்கப் போனை எடுத்து இருபது நிமிடம் ரீல்ஸ் பார்த்துவிட்டு, என்ன எழுத வந்தோம் என்பதை மறப்பது தனி ஆபத்து. அதனால்தான் காகிதம்.

குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நம்மிடம் பழைய அச்சு ஒன்று இருக்கிறது. அகப்பாடலுக்கு இலக்கணம் சொன்னவர்கள் அதை மூன்றாகப் பிரித்தார்கள். முதற்பொருள் என்றால் நிலமும் பொழுதும். கருப்பொருள் என்றால் அந்த நிலத்தில் இருக்கிற உணவு, மரம், பறவை, விலங்கு, பறை, தொழில், தெய்வம் முதலியவை. உரிப்பொருள் என்றால் அங்கே நடக்கிற மன ஒழுக்கம். இதைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோனோம். ஆனால் குறிப்பேட்டுக்கு இதைவிடச் சிக்கனமான படிவம் கிடைக்காது. முதல் வரியில் இடமும் நேரமும். அடுத்து கண்ணில் பட்ட பொருள்கள், கை செய்த வேலைகள். உணர்ச்சிக்கு ஒரு வரி இடம் விட்டு, அன்றைக்கு அதைக் காலியாகவே வையுங்கள்.

காலியாக விடுவதுதான் முக்கியம். பலரும் செய்கிற தப்பு, உணர்ச்சியை முதலில் எழுதிவிடுவது. இப்படி:

"டீக்கடையில் ஒரு முதியவர் சோகமாக உட்கார்ந்திருந்தார். பார்க்கவே மனம் கனத்தது."

ஆறு மாதம் கழித்து இதைப் படித்தால் ஒன்றும் கிடைக்காது. சோகம் என்ற சொல் மிஞ்சும், ஆள் மறைந்துவிடுவார். அதே ஆளை இப்படி எழுதியிருந்தால்:

"காலை 6.20. பஸ் ஸ்டாண்டு வாசல், டீக்கடை. பெரியவர், வெள்ளைச் சட்டை, கழுத்துப் பித்தான் வரை போட்டிருந்தார். பெஞ்சில் பக்கத்தில் ஒரு பெரிய கவர், ஸ்கேன் கவர் மாதிரி. ரெண்டு டீ சொன்னார். ஒன்றைக் குடித்தார். மற்றது ஆடை கட்டியது. பஸ் வந்ததும் ரெண்டுக்கும் காசு கொடுத்தார்."

இதில் சோகம் என்ற சொல்லே இல்லை. ஆனால் அந்த ஆறிப்போன டீ என்றைக்கு எடுத்தாலும் சூடாக இருக்கும். "ஸ்கேன் கவர்" என்று உறுதி சொல்லாமல் "மாதிரி" என்று எழுதியிருப்பதையும் கவனியுங்கள். பார்த்ததையும் ஊகித்ததையும் பிரித்து வைத்தால், பிற்பாடு அந்த ஊகத்தைக் கழற்றி வேறொன்றைப் பொருத்த முடியும்.

நாளைக்கு மூன்று குறிப்பு. பத்துக்கு ஒன்று தேறினால் அது நல்ல விளைச்சல். மிச்சம் ஒன்பதும் வீண் இல்லை. அந்த ஒன்றைப் பார்க்கக் கண்ணைப் பழக்கியவை அவைதான்.

எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே

இரண்டாவது வாரத்தில் இது வரும். மழை, டீக்கடை, பூக்காரம்மா. மறுநாளும் மழை, டீக்கடை, பூக்காரம்மா. ஊரில் வேறு விஷயமே இல்லை என்று தோன்றும். ஊரைக் குறை சொல்ல வேண்டாம். நீங்கள் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் நிற்கிறீர்கள், அவ்வளவுதான்.

இதற்கும் பழைய கணக்கு உதவும். ஒரு நாளை ஆறு சிறுபொழுதாகப் பிரித்தார்கள்: மாலை, யாமம், வைகறை, காலை, நண்பகல், எற்பாடு. ஒவ்வொன்றும் பத்து நாழிகை, அதாவது 4 மணி நேரம். மாலை 6 மணியில் தொடங்கி எண்ணிக்கொண்டு வாருங்கள். உங்களுக்குப் பழகிய ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் ஆறு பொழுதிலும் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் போதும்.

பஸ் ஸ்டாண்டையே எடுத்துக்கொள்வோம். வைகறையில் அது பயணிகளின் இடமே இல்லை. நாளிதழ்க் கட்டைப் பிரித்துத் தரையில் உட்கார்ந்து இணைப்பைச் செருகுபவர்கள், ஈரச் சாக்கில் பூ மூட்டை இறக்குபவர்கள், முதல் பஸ்ஸுக்கு முகம் கழுவும் டிரைவர் ஆகியோருடையது. நண்பகலில் அது நிழலுக்காக வந்தவர்களின் இடம். எற்பாட்டில், நாலு மணிக்கு மேல், சீருடைப் பிள்ளைகள் ஆக்கிரமிக்கிறார்கள். யாமத்தில் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு கதை. யாமத்திலும் வைகறையிலும் தனியாகப் போகத் தோதில்லாத இடமென்றால் துணையோடு போங்கள், அல்லது அந்த நேரத்தில் அங்கே வேலை பார்ப்பவரிடம் பகலில் பேசுங்கள். "ராத்திரி ரெண்டு மணிக்கு இங்க யாருங்க இருப்பா?" என்று கேட்டால் போதும், டீ மாஸ்டர் நிறுத்தமாட்டார்.

காது

கண்ணைவிடக் காது கதைக்கு அதிகம் சம்பாதித்துக் கொடுக்கும். ஆனால் முழு உரையாடலையும் பிடிக்கப் பார்க்காதீர்கள், முடியாது. ஒரே ஒரு வாக்கியத்தை, சொன்னவர் சொன்னபடியே, விகுதி மாறாமல் பிடித்துக்கொண்டு பத்து நிமிடத்துக்குள் எழுதிவிடுங்கள். அதற்குப் பிறகு உங்கள் மூளை அதை உங்கள் பேச்சாகத் திருத்திவிடும். தெரியாதவர் பேச்சைப் போனில் ரகசியமாகப் பதிவு செய்வது வேண்டாம். அது முறையும் இல்லை, பயனும் இல்லை. ஒரு மணி நேரப் பதிவை யார் திரும்பக் கேட்கப் போகிறார்கள்?

எதைக் கவனிப்பது? விளிப்பு மாறும் இடத்தை. பஸ்ஸில் சில்லறைத் தகராறு ஒன்று நடக்கிறது என்று வையுங்கள். "அண்ணே, ஒரு ரூபா இருக்கா" என்று ஆரம்பிக்கிறது. "சில்லறை இல்லாம ஏன் சார் ஏர்றீங்க" என்று வளர்கிறது. "யோவ், இறங்குய்யா" என்று முடிகிறது. மரியாதைப் பட்டியலில் அண்ணனைவிட சார் உயரமானது. ஆனால் அண்ணன் சாராக மாறிய நொடியில்தான் உறவு அறுந்தது. வீட்டிலும் இதுதான். "அத்தை" என்று அழைத்துக்கொண்டிருந்த மருமகள் புருஷனிடம் "உங்கம்மா" என்று சொல்கிற நாள் எது? ஒரு தாய் போனில் "சாப்பிட்டியா" என்று மூன்று முறை கேட்டால் மூன்றும் ஒரே கேள்வியும் அல்ல. இவற்றையெல்லாம் விளக்கமில்லாமல் அப்படியே குறித்து வையுங்கள்.

வட்டார வழக்கில் ஓர் எச்சரிக்கை. நீங்கள் வாழாத ஊரின் பேச்சை எழுதும்போது "ஏலேய்", "ஏனுங்க" என்று வாக்கியத்துக்கு ஒன்று தூவினால் அந்த ஊர்க்காரர் முதல் பக்கத்திலேயே மூடிவிடுவார். வழக்கு என்பது வாக்கியத்தின் ஓட்டத்திலும் எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்பதிலும் இருக்கிறது. அந்த ஊர் ஆள் ஒருவரிடம் படிக்கக் கொடுத்துவிட்டு, எங்கே சிரிக்கிறார் என்று பாருங்கள். தப்பான இடத்தில் சிரித்தால் திருத்துங்கள்.

வெளியே போக முடியாத நாளுக்கு

காகிதம் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகையில் யார் பெயருக்கு முன் அமரர் என்று இருக்கிறது, எந்தத் தாய்மாமன் பெயர் விடுபட்டிருக்கிறது என்று பாருங்கள். கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியில் இறந்தவரின் படம் ஏதோ கல்யாணப் படத்திலிருந்து வெட்டி எடுத்ததாக இருக்கும். ஓரத்தில் இன்னொருவரின் தோள் மிச்சமிருக்கும். மொய் நோட்டில் ஊர், பெயர், தொகை, அவ்வளவுதான் இருக்கும். ஆனால் மூத்தவள் கல்யாண நோட்டில் இருக்கிற ஒரு பெயர் இளையவள் கல்யாண நோட்டில் இல்லையென்றால் நடுவே ஏதோ நடந்திருக்கிறது.

இதைவிட வளமானது நாளிதழின் பொது அறிவிப்புப் பக்கம். அசல் கிரயப் பத்திரம் தொலைந்துவிட்டது, ஆட்சேபனை இருப்பவர் இத்தனை நாளுக்குள் தெரிவிக்கவும். எனக்கும் என் மகனுக்கும் இனி எந்தச் சம்பந்தமும் இல்லை. அடகு நகை ஏலம். கடன் எண்கள் வரிசையாக. வக்கீல் தமிழில் நாலு வரிதான் இருக்கும், அடியில் ஒரு குடும்பமே கொதித்துக்கொண்டிருக்கும். வெட்டி நோட்டில் ஒட்டிக்கொள்ளுங்கள். ஆட்களின் பெயர் நமக்கு வேண்டாம். கறுப்பு மையால் அடித்துவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை முக்கால் மணி

ஒரு குறிப்பு கதையாகாது. புதிதாக எழுதுபவர் பெரும்பாலும் இடறுவது இங்கேதான். நல்ல காட்சி ஒன்று கிடைத்ததும் அதை நாலு பக்கத்துக்கு இழுப்பார். வர்ணனை வளரும், கதை நகராது. தீப்பெட்டிக்குக் குச்சியும் வேண்டும், உரசும் பக்கமும் வேண்டும். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரண்டு குறிப்புகளை எடுங்கள். ஒரே நாளில் எழுதிய இரண்டு வேண்டாம், இரண்டிலும் ஒரே மனநிலை படிந்திருக்கும். இரண்டு வாரமாவது இடைவெளி இருக்கட்டும்.

மேலே சொன்ன பெரியவரின் டீயையும் பத்திரம் தொலைந்த அறிவிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். இப்போது மூன்று கேள்வி: யாருக்கு என்ன வேண்டும்? யார், அல்லது எது, குறுக்கே நிற்கிறது? இன்றே நடக்காவிட்டால் என்ன?

அறிவிப்பு கொடுத்தவர் தம்பி. அப்பா வாங்கிய வீட்டின் பத்திரம் தொலைந்துவிட்டது என்று விளம்பரம் செய்து, நகல் எடுத்து விற்கப் பார்க்கிறார். பெரியவர் அண்ணன். பத்திரம் தொலையவில்லை, அவர் பீரோவில்தான் இருந்தது. தம்பி வந்து கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். கேட்கவில்லை, பேப்பரில் போட்டுவிட்டான். ஆட்சேபனை தெரிவிக்க இன்றே கடைசி நாள். வக்கீல் ஆபீசுக்குப் போகும் பஸ்ஸுக்கு முன்னால் டீக்கடைக்கு வரச் சொல்லியிருக்கிறார், வந்து பேசினால் போதும் என்று. அந்தக் கவரில் இருப்பது ஸ்கேன் இல்லை, பத்திரம்.

முதல் கேள்விக்கான பதிலைப் பாருங்கள். அண்ணனுக்கு வீடு வேண்டாம். தம்பி வாய் திறந்து கேட்க வேண்டும். இது கிடைத்தவுடன் காலியாக விட்டிருந்த அந்த மூன்றாவது வரி நிரம்பிவிட்டது. அங்கே சோகம் என்று எழுதமாட்டீர்கள், ரோஷம் என்று எழுதுவீர்கள். அன்றைக்கே சோகம் என்று எழுதி நிரப்பியிருந்தால் இந்தக் கதைக்கு வழி அடைபட்டிருக்கும்.

பிறகு யார் கண் வழியாகச் சொல்வது என்று பாருங்கள். அண்ணன் சொன்னால் புலம்பலாகும் அபாயம் உண்டு. டீ மாஸ்டருக்கு இரண்டு கிளாஸ் மட்டும்தான் தெரியும், பத்திரம் தெரியாது. வராத தம்பி எதிர்ச்சாரியில் நிற்கும் பஸ்ஸுக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தால்? மூன்றுக்கும் ஒவ்வொரு பத்தி எழுதிப் பார்த்து, எது தானாக நாலாவது வாக்கியத்துக்குப் போகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பொருந்தாத ஜோடிகளும் வரும். பத்து நிமிடம் முட்டியும் மூன்று கேள்விக்கு விடை வராவிட்டால் பிரித்துவிட்டு வேறு குறிப்பை வையுங்கள். தற்செயலை வைத்து ஒட்டவைக்காதீர்கள். "அவர்தான் இவரின் தொலைந்துபோன அண்ணன்" என்று உங்கள் பேனா எழுத ஆரம்பித்தால் அந்த ஜோடி சேராது என்று அர்த்தம்.

நிஜ மனிதர்களை எடுக்கும்போது பெயரை மட்டும் மாற்றினால் போதாது. வயது, தொழில், ஆணா பெண்ணா, ஊர் ஆகியவற்றில் இரண்டையாவது மாற்றுங்கள். பெயரை மாற்றினால் உங்கள் அத்தைக்கு இரண்டாம் பத்தியில் தெரிந்துவிடும். சித்தப்பாவைச் சித்தியாக்கினால் கடைசிவரை தெரியாது. கதையும் பெரும்பாலும் நன்றாகும், ஏனென்றால் நடந்ததை ஒப்பிக்கும் கடமை போய்விடுகிறது.

அரை மணி நேரம்

எழுத மனநிலை வேண்டும் என்பவர்களுக்கு ஒரு தபால் ஊழியரைச் சொல்லலாம். ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிரோலப் (1815-1882) பல ஆண்டுகள் பிரிட்டிஷ் தபால் துறையில் வேலை பார்த்தார். காலை 5.30 மணிக்கு மேஜையில் இருப்பார். எழுப்பிவிடும் பழைய வேலைக்காரருக்கு அதற்காக மட்டும் ஆண்டுக்கு 5 பவுண்டு தனிச் சம்பளம். கடிகாரத்தை எதிரே வைத்துக் கால் மணிக்கு 250 சொல் என்று கணக்குப் போட்டு எழுதினார். ரயிலில் போகும்போதும் மடியில் பலகையை வைத்துப் பென்சிலால் எழுதுவார்; மனைவி பிறகு படியெடுப்பார். அவருடைய வேகம் நமக்கு வேண்டாம். தமிழில் ஒரு சொல்லுக்குள் ஆங்கிலத்தின் இரண்டு மூன்று சொல் அடங்கிவிடுவதால் அந்த எண்ணிக்கையும் பொருந்தாது. அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: ஒவ்வொரு நாளும் முந்தைய நாள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் புதிதாகத் தொடங்கினார்.

உங்கள் அரை மணியை இப்படிப் பிரியுங்கள். முதல் 5 நிமிடம் நேற்றையதைப் படியுங்கள், கை வைக்காமல். அடுத்த 20 நிமிடம் எழுதுங்கள், 150 சொல் வந்தால் போதும். கடைசி 5 நிமிடம் நாளைக்கு என்ன என்று ஒரு வரி எழுதிவைத்து, முடியுமானால் வாக்கியத்தின் நடுவிலேயே நிறுத்துங்கள். அரைகுறை வாக்கியம் இரவெல்லாம் உறுத்திக்கொண்டிருக்கும். மறுநாள் வெறும் கையோடு உட்கார வேண்டியதில்லை. வாரம் 6 நாள் என்றால் 900 சொல். இரண்டு வாரத்தில் 1,800; ஒரு நடுத்தரச் சிறுகதையின் முதல் வரைவு.

விடிகாலையா ராத்திரியா என்பது அவரவர் வீட்டைப் பொறுத்தது. ஒரே நேரமாக இருக்க வேண்டும், போனைத் தொடுவதற்கு முன்பாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கணினியில் எழுதுபவர் தட்டச்சு மெதுவாக இருப்பதால் சலித்துப்போவதும் உண்டு. அப்படியென்றால் தமிழ்99 விசைப்பலகையைப் பழகிக்கொள்ளுங்கள். உயிர் இடக்கையில், மெய் வலக்கையில். க-வை இரண்டு முறை தட்டினால் முதலாவதுக்குப் புள்ளி தானாக விழும்.

நின்றுபோனால்

எல்லா முடக்கமும் ஒரே நோய் இல்லை, மருந்தும் ஒன்றில்லை. அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமல் நின்றால் பாத்திரத்துக்கு என்ன வேண்டும் என்பதை நீங்கள் மறந்திருக்கிறீர்கள். மூன்று கேள்விக்குத் திரும்புங்கள். பத்திரப்பதிவு ஆபீஸ் வாசலைத் தாண்டி உள்ளே போக முடியாமல் நின்றால் அது தகவல் பஞ்சம். பத்திர எழுத்தரிடம் ஒரு டீ நேரம் பேசிவிட்டு வாருங்கள். முதல் பத்தியையே பதினைந்து முறை திருத்திக்கொண்டிருந்தால் கணினியை மூடிவிட்டுக் காகிதத்தில் எழுதுங்கள். காகிதத்தில் அழிக்கச் சோம்பலாக இருக்கும், அது நல்லது. கதையை நண்பர்கள் நாலு பேரிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டு, இப்போது எழுதச் சுவாரசியமில்லையா? சொன்னபோதே பாராட்டு கிடைத்துவிட்டது, கை எதற்கு உழைக்கும்? அதைச் சில மாதம் கிடப்பில் போடுங்கள். அடுத்த கதையை முதல் வரைவு முடியும்வரை யாரிடமும் சொல்லாதீர்கள். வீட்டில் படித்துவிட்டால் என்ற பயத்தில் கை நின்றால் புனைபெயர் இருக்கவே இருக்கிறது.

இரண்டு கதைகளை எப்போதும் கையில் வைத்திருப்பது நல்ல தந்திரம்: ஒன்று எழுதிக்கொண்டிருப்பது, ஒன்று திருத்திக்கொண்டிருப்பது. ஒன்று முரண்டு பிடிக்கும் நாளில் மற்றது இருக்கும். மூன்றாவது வேண்டாம். அது தப்பித்துப் போவதற்கான கதவாகிவிடும்.

முடிந்த கதையை இதழுக்கு அனுப்பிய அன்றே தலைப்பு, சொல் எண்ணிக்கை, அனுப்பிய தேதி, இடம் நாலையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். பதிலே வராமல் போவதும் இந்தத் தொழிலில் சகஜம். எத்தனை மாதம் ஆயிற்று என்று தெரிந்தால் வேறு இடத்துக்கு எப்போது அனுப்புவது என்று முடிவெடுக்கலாம். அனுப்பிய மறுநாள் காலையிலிருந்தே அடுத்த ஜோடிக் குறிப்பில் கை வைத்துவிடுங்கள். மின்னஞ்சலைத் திறந்து திறந்து மூடுகிற அந்த வாரம்தான் பலருடைய வழக்கம் அறுந்துபோகிற வாரம்.

நோட்டு தீர்ந்ததும் அட்டையில் எண்ணும், தொடங்கிய, முடித்த தேதிகளும் எழுதிவையுங்கள். பயன்படுத்திய குறிப்புக்குப் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள், முழுதாக அடித்துவிடாதீர்கள். இன்று டீயை எடுத்துக்கொண்டீர்கள். கழுத்துப் பித்தான் வரை போட்டிருந்த வெள்ளைச் சட்டை இன்னும் மிச்சமிருக்கிறது.